உள்ளூர் நபர் போட்ட உளுந்து

புதுக்குடிக்காடு
பங்குனி 26

ஜெனிட்டா அவர்களுக்கு,

உன் போனை நான் எடுக்கப்போவதில்லை. உன் அண்ணி அருள்மேரியின் போனுக்கும் கூப்பிட்டுப் பார்க்காதே, அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுதி அனுப்பு. என்னைப் பற்றி நீ எழுத்தில்தானே சொன்னாய்? மிச்சமும் எழுத்திலேயே இருக்கட்டும்.

நேற்று ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் உங்கள் கம்பெனி கொடுத்த அறிக்கையின் நகல். "உள்ளூர் நபர் ஒருவர் சாலையில் போட்டிருந்த தடையால் சோதனைப் பேருந்து சறுக்கி வாய்க்காலில் இறங்கியது" என்று இருந்தது. கீழே உன் கையெழுத்து. ஒரே வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்தவள் எனக்கு வைத்திருக்கும் பெயர் உள்ளூர் நபர். என் உளுந்துக்கு வைத்திருக்கும் பெயர் தடை.

பெரிய இன்ஜினியருக்கு மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். சம்பா அறுத்த வயலில் விளைகிற உளுந்தைப் பங்குனியில் செடியோடு பிடுங்கி, வடவாற்றங்கரை ரோட்டில்தான் போடுவோம். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி நெற்று உடையும். சாயங்காலம் செடியை உதறி எடுத்தால் உளுந்து ரோட்டில் கிடக்கும், கூட்டி அள்ளிக்கொள்வோம். நம் வீட்டு இட்லி பூராவும் பஸ் சக்கரம் அடித்துக் கொடுத்ததுதான். வழக்கமாக ரோட்டில் ஒரு பாதியில்தான் போடுவேன். உன் பஸ் வருகிறது என்று முழு அகலத்துக்கும் போட்டேன். சம்பந்தி வீட்டாருக்கு இலை போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டேன். முதல் சக்கரம் என் தங்கச்சி வண்டிச் சக்கரமாக இருக்கட்டும் என்று மற்ற வண்டிகளையெல்லாம் கையைக் காட்டிக் குளத்தடிப் பாதையில் திருப்பிவிட்டேன்.

பஸ் வளைவில் வந்தது, வழுக்கியது, வாய்க்காலில் இறங்கியது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை, அதற்கு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டேன். பஸ்ஸைத் தூக்க வந்தவர்கள் என் உளுந்தை அள்ளி வாய்க்காலுக்குள் தள்ளினார்கள். நீ பஸ்ஸை விட்டு இறங்கினாய். என்னைப் பார்த்தாய். பார்க்காத மாதிரி அதிகாரிகள் பின்னால் போனாய்.

உளுந்து போனது பெரிதில்லை. டீக்கடையில் எல்லாரும் கேட்கிறார்கள், "தங்கச்சியே அண்ணன் மேல கேஸ் போட்டுருச்சாமே?" என்று. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உள்ளூர் நபர்


கோயம்புத்தூர்
ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதுவதற்கு நான் எவ்வளவு பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். அந்த பஸ்ஸுக்காக நாலு வருஷம் உழைத்தோம். கரண்டில் மட்டும் ஓடும் பஸ்ஸைப் பெரிய கம்பெனிகள் செய்கின்றன. ஆனால் அது நகரத்துக்குத்தான் சரி. நம் பக்கத்தில் புயல் அடித்த வருஷம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று நீங்களே சொல்லுங்கள். அதனால்தான் டெப்போவில் பிளக்கைச் சொருகிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கரண்டில் ஓடி, பேட்டரி தீர்ந்தால் டீசலில் மிச்சத் தூரம் போகிற பஸ் வேண்டும் என்று நான் நின்றேன். எங்கே சோதிக்கலாம் என்று கேட்டபோது தஞ்சாவூர்–மன்னார்குடி ரோடு என்று சொன்னதும் நான்தான். என் ஊர் வழியாக என் பஸ் போகட்டும் என்று எனக்கும் ஆசை இருக்காதா?

அந்த வளைவில், சோதனையைப் பார்க்க வந்த அரசாங்கக் குழுத் தலைவரின் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று என் மடியில் விழுந்தது. வாய்க்காலில் சாய்ந்து உட்கார்ந்தபடி அதை அவரிடம் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி மாட்டிக்கொண்டு, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். பஸ் பொறுப்பு என்று சொன்னால் அன்றோடு எங்கள் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். ரோட்டில் கிடந்ததைச் சொன்னேன். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. உள்ளூர் நபர் என்று எழுதியது உங்களைக் காப்பாற்றத்தான். போலீஸ் வருவார்கள் என்று நினைக்கவில்லை.

நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். ரோடு ரோடாக இருக்க வேண்டும், களம் களமாக இருக்க வேண்டும். முழு அகலத்துக்கும், அதுவும் வளைவில், அவ்வளவு கனமாக யாராவது போடுவார்களா?

இன்னொரு சோதனைக்கு அனுமதி கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸைப் பிரித்து இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

தங்கள் தங்கை,
ஜெனிட்டா


புதுக்குடிக்காடு
சித்திரை 12

ஜெனிட்டாவுக்கு,

களம் களமாக இருக்க வேண்டுமா? ஊர்க் களத்தில் தண்ணீர் டேங்க் கட்டியது நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம். அதற்குப் பிறகு நமக்கு ரோடுதான் களம். உனக்குத் தெரியாத புதுச் செய்தியாக இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

பெயரை எழுதாமல் விட்டது என்னைக் காப்பாற்றவா, உன்னிடமிருந்து என்னைத் தள்ளி வைக்கவா? அண்ணன் என்று எழுதினால் குழுத் தலைவர் உன்னை ஒரு மாதிரி பார்த்திருப்பார். அதுதானே விஷயம்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பஸ் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உனக்குப் போன் செய்தேன். "உன் பஸ்ஸ வச்சுத்தான் இந்த வருஷ உளுந்த அடிக்கப் போறேன்" என்று சொன்னேன். நீ என்ன செய்தாய்? சிரித்தாய். "நல்லாப் போடுண்ணே, வண்டி வெயிட்டு ஜாஸ்தி, சீக்கிரம் அடிச்சுரும்" என்றாய். அருள்மேரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அது உன் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

உள்ளூர் நபர்


கோயம்புத்தூர்
ஜூன் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு மாதமாக உங்கள் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதில் எழுத ஆரம்பித்தால் மறுபடி சண்டையில்தான் போய் முடியும். அதனால் வேறு விஷயம் எழுதுகிறேன்.

பஸ் ஏன் வழுக்கியது என்று கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் பஸ்ஸில் டிரைவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், மோட்டார் பின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடியில் கரண்ட் உண்டாகி பேட்டரிக்குத் திரும்பி வரும். நல்ல ரோட்டில் அது எங்களுக்குப் பெரிய லாபம், பாதி வேலையை அந்தப் பிடியே செய்துவிடும். உளுந்துச் செடி மேல் என்ன ஆகிறதென்றால், மேலே காய்ந்த தண்டு, கீழே உடைந்து சிதறிய உளுந்து. சக்கரத்துக்கு ரோடு கிடைப்பதில்லை. மோட்டார் பிடித்ததும் சக்கரம் நின்றுவிடுகிறது, பஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. பிடியை விட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். ஆனால் மழை ரோட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் விட வேண்டுமோ அவ்வளவு சீக்கிரம்தான் விட்டது. மழையில் சோதித்தோம். சேற்றில் சோதித்தோம். எண்ணெயைக் கொட்டிக்கூடச் சோதித்தோம். உளுந்தில் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உளுந்து ரோட்டில் நடந்து பள்ளிக்கூடம் போன எனக்கே தோன்றவில்லை என்பதுதான் இப்போது தூங்கவிடாமல் செய்கிறது.

சாதா பஸ்கள் காலம்காலமாக அந்த ரோட்டில் உளுந்து மேல் ஓடுகின்றன. என் பஸ்தான் விழுந்தது. அப்படியென்றால் குறை உளுந்திலா, என் பஸ்ஸிலா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். ஆபீசில் ஒரு எழுத்து வேலை பாக்கி இருந்தது, அதையும் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு உதவி. ஒரு சாக்கு உளுந்துச் செடி அனுப்ப முடியுமா?

ஜெனிட்டா


புதுக்குடிக்காடு
ஆடி 14

ஜெனிட்டாவுக்கு,

ஆனி மாதத்தில் உளுந்துச் செடி கேட்கிறாயே, நீ டெல்டாவில் பிறந்தாய் என்று வெளியே சொல்லாதே. செடியெல்லாம் மாடு தின்று எருவும் ஆகிவிட்டது. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வேறு தாமதம், போர்வெல் வைத்திருப்பவர்கள்தான் குறுவை நட்டிருக்கிறார்கள். நானும் பாதி நிலத்தில்தான் நட்டேன்.

இதை எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக.

அந்தப் போலீஸ்காரர் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கேஸ் இல்லை என்றார். ஏன் என்று கேட்டேன். கம்பெனி இன்ஜினியர் ஒருவர் முதல் அறிக்கை தவறு என்று திருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார், சாலையில் உளுந்து இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும், போடச் சொன்னதும் அவர்தான், பஸ்ஸில்தான் குறை என்று எழுதியிருக்கிறார் என்றார். "உங்க தங்கச்சிதாங்க. அத அவங்க எழுதியிருக்க வேணாம். யாரும் கேக்கல" என்றார். அருள்மேரி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். உன்னை அந்த பஸ் வேலையின் தலைமையிலிருந்து இறக்கிவிட்டார்களாமே. அது உண்மையா? உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா? நான் கோபத்தில் ஆயிரம் கேட்பேன். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதி வேலையைத் தொலைப்பாயா? எனக்கு வந்த கேஸ் என்ன பெரிய கொலைக் கேஸா? அபராதம் கட்டிவிட்டு உன்னைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன். நாலு வருஷ உழைப்பு என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டேன் என்று நினைக்கும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

குறுவை அறுத்ததும் வைக்கோல் அனுப்புகிறேன். உளுந்து அளவுக்கு வழுக்காது, ஆனாலும் ஒன்றும் இல்லாததற்குத் தேவலை.

போன் செய்யலாம் என்று அருள்மேரி சொல்கிறாள். போனில் பேசினால் மறுபடி திட்டத்தான் செய்வேன். எழுது.

ஜோசப்ராஜ்


கோயம்புத்தூர்
அக்டோபர் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னது வைக்கோல். வந்து சேர்ந்தது ஒரு வைக்கோல் போர். லாரியைப் பார்த்ததும் எங்கள் வாசல் காவலாளி மாட்டுப்பண்ணை பக்கத்துத் தெரு என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். நல்ல வேளை, நான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தேன்.

தலைமையிலிருந்து இறக்கியது உண்மைதான். வேலை போகவில்லை, வருத்தப்படாதீர்கள். நீங்கள் கேட்டதற்காக நான் எழுதவில்லை. உங்கள் கேள்வியில் உண்மை இருந்தது, அதனால் எழுதினேன். எழுதிக் கொடுத்த அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். இப்போது சக்கரப் பிடி வேலை மட்டும் என் பொறுப்பு. ஒரு கணக்கில் இது நல்லதற்கே, மீட்டிங்குகளுக்குப் போக வேண்டியதில்லை.

உங்கள் வைக்கோலைக் கம்பெனி மைதானத்தில் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதன் மேல் கடையில் வாங்கிய உளுந்தைக் கொட்டினோம். மூட்டை மூட்டையாக உளுந்து கேட்டதற்கு மளிகைக்கடைக்காரர் எங்கள் வீட்டில் எத்தனை கல்யாணம் என்று விசாரித்தார். எங்கள் டிரைவர் மீரா சாகிப்பை உங்களுக்கு நினைவிருக்கும், வாய்க்காலில் இறங்கியபோது ஓட்டிக்கொண்டிருந்தவர். முதல் நாள் அவர் பஸ்ஸில் ஏறவே மாட்டேன் என்றார். நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஏறினார். இப்போது பஸ் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பின் சக்கரம் ஒரு துளி பின்தங்கினாலும் மோட்டார் பிடியை விட்டுவிடும், சாதா பிரேக் வந்து வேலையை வாங்கிக்கொள்ளும். பல தடவை தோற்றோம். ஒரு தடவை மைதானச் சுவரையே இடித்தோம். போன வாரம் முதல் நிற்கிறது, அண்ணா. கோடு போட்ட இடத்தில் நிற்கிறது.

குழு கடைசியாக ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்கள் முதலாளிக்கு நாலுவழிச்சாலையில் ஓட்டிக் காட்டிவிட்டு ஆர்டர் வாங்க ஆசை. நான் முடியாது என்றேன். அதே ரோடு, அதே வளைவு, அதே பங்குனி மாதம், ரோடு நிறைய உளுந்து. அதில் நிற்காத பஸ்ஸை நம் ஊருக்கு விற்கக் கூடாது என்றேன். அவர், இதிலும் விழுந்தால் கம்பெனியே இருக்காது, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

ஊரில் சொல்லி உளுந்து போடச் சொல்லுங்கள்.

ஜெனிட்டா


புதுக்குடிக்காடு
தை 11

ஜெனிக்கு,

சம்பா கதிர் சாய்ந்திருக்கிறது. ஈரம் இருக்கும்போதே நேற்று நிற்கிற கதிருக்குள் உளுந்து விதைத்தோம். பங்குனிக்கு உன் பஸ்ஸுக்குச் சரியாக வரும்.

ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. பொங்கலுக்கு மறுநாள் எல்லாரையும் கோயில் மரத்தடியில் கூட்டி, உன் சோதனையைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் மங்களாம்பிகை அக்காதான் எழுந்தாள். நம் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறாளே, அவள்தான். "உன் தங்கச்சி இன்னொரு ரிப்போர்ட் எழுதுனா நாங்க எங்கப்பா போறது? உனக்காச்சும் அது தங்கச்சி" என்றாள். போன வருஷம் போலீஸ் வந்ததிலிருந்து ஊரில் பாதிப் பேர் ரோட்டில் போடவே பயப்படுகிறார்கள். மிஷின் வைத்து அடித்தால் கூலி கொடுத்து மாளவில்லை.

என் உளுந்தை நான் போடுகிறேன், அதில் சந்தேகமில்லை. என் வயல் உளுந்து வளைவுக்கு மட்டும்தான் காணும். ரோடு நிறைய வேண்டும் என்றால் ஊர் வர வேண்டும். ஊர் வர வேண்டும் என்றால் பெரிய இடத்திலிருந்து முத்திரை போட்ட தாள் வர வேண்டும். போட்டவர்கள் மேல் எந்தக் கேஸும் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். உன்னால் முடிந்தால் வாங்கி அனுப்பு.

ஜோசப்ராஜ்


கோயம்புத்தூர்
மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

தாள் இதோடு இருக்கிறது. இதற்காக எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றேன் என்று கேட்காதீர்கள். கலெக்டர் ஆபீசில் ஒரு அதிகாரி, ரோட்டில் உளுந்து போடாதே என்றுதான் இதுவரை தாள் கொடுத்திருக்கிறோம், போடு என்று கொடுப்பது இதுதான் முதல் தடவை என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு ஒரு நாள் உங்கள் ரோடு சோதனைத் தளம். உளுந்து சோதனைப் பொருள். அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள போலீஸ் காவல் உண்டு. உங்கள் வீட்டில் காபி குடித்தவர்தான் வருகிறாராம்.

ஒரு கெட்ட செய்தி. நான் வர முடியாது. பஸ்ஸிலிருந்து வரும் தகவல்களைப் பார்த்துக்கொண்டு இங்கே திரைக்கு முன்னால்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போன தடவை நான் பஸ்ஸில் இருந்தேன், உங்களைப் பார்க்காத மாதிரி போனேன். இந்தத் தடவை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. பரவாயில்லை. எனக்குப் பதிலாக நீங்கள் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

இன்னொன்று. இதை இரண்டு தடவை படியுங்கள், அண்ணா. உங்களை எனக்குத் தெரியும். தங்கச்சி பஸ் விழுந்துவிடக் கூடாதே என்று வளைவில் மட்டும் கொஞ்சம் லேசாகப் போடுவீர்கள். போடாதீர்கள். போன வருஷம் போட்ட மாதிரியே போடுங்கள், அதே கனம், முழு அகலம். விழுவதாக இருந்தால் நன்றாக விழட்டும்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஜெனிட்டா


புதுக்குடிக்காடு
பங்குனி 28

பாப்பாவுக்கு,

குருத்து ஞாயிறுக்கு முந்தின வியாழன், அதாவது நேற்று, நம் ஊரில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். நீ திரையில் கோடுகளைத்தான் பார்த்திருப்பாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேசாகத்தான் போட்டேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தும், காலையில் வளைவுக்குப் போனதும் கை வரவில்லை. அருள்மேரி பின்னாலேயே வந்து பார்த்துவிட்டாள். "அது கேட்டது இதுவா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவளே செடியை அள்ளி வந்து போட ஆரம்பித்தாள். பிறகு நானும் அள்ளினேன். போன வருஷத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகவே விழுந்திருக்கும்.

நிமிர்ந்து பார்த்தால் மங்களாம்பிகை அக்கா தலையில் ஒரு உளுந்துக் கட்டோடு வருகிறாள். முத்திரைத் தாளை நான் டீக்கடையில் ஒட்டியிருந்தேன், அதை நாலு பேர் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். போன வருஷம் நீ திருத்தி எழுதிய கதையைக் காபி குடித்த போலீஸ்காரர் நேற்று முன்தினமே வந்து எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அதனால் உன் பதவி போனதையும் சொல்லியிருக்கிறார். அக்கா கட்டை இறக்கிப்போட்டுவிட்டு, "எங்களுக்கும் அது தங்கச்சிதாம்பா" என்றாள். அவளுக்குப் பின்னால் ஊரே வந்தது. பாலத்திலிருந்து மாதா சிலை இருக்கிற கெபி வரைக்கும் ரோடே தெரியவில்லை, உளுந்துதான் தெரிந்தது. போலீஸ்காரர் வெயிலில் நின்று ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. வந்தது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது, சத்தமே இல்லை. மீரா சாகிப் முகம் கருங்கல் மாதிரி இருந்தது. பாலத்தைத் தாண்டியதும் செடி மேல் ஏறியது, நெற்று படபடவென்று உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. வளைவுக்கு வரும்போது கண்ணாடி போட்ட அதிகாரி முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். போன வருஷம் எந்த இடத்தில் வழுக்கியதோ அதே இடம். மீரா சாகிப் காலை எடுத்தது எனக்குத் தெரிந்தது, வண்டி வேகம் அடங்கியது. பின்பக்கம் ஒரு துளி ஆடியது, பாப்பா. என் உயிர் போய்விட்டது. ஆடியது, உடனே நேரானது. வளைவின் நடுவில், அந்தக் கனத்தின் மேல், கோயில் தேர் நிலைக்கு வந்த மாதிரி வந்து நின்றது.

அந்த அதிகாரி கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார், மூக்கில்தான் இருந்தது. அவர்தான் முதலில் சிரித்தார். அதன் பிறகு ஊர் போட்ட சத்தம் வடுவூர் ஏரிப் பறவைகளுக்கே கேட்டிருக்கும்.

கதை அதோடு முடியவில்லை. அதிகாரிகள் திருப்தி, போகலாம் என்றார்கள். மங்களாம்பிகை அக்கா பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "ஒரு தடவ போனா நெத்து உடையுமா? திரும்பி வரச் சொல்லுங்க" என்றாள். பஸ் மாதா கெபி வரை போய்த் திரும்பி வந்தது. பெண்கள் செடியைப் புரட்டிப் போட்டார்கள். மறுபடி ஓடியது. வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள், மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள், பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள், எங்கே காலை எடுத்தாலும் நின்றது. அதிகாரிகள் இறங்கி வேப்பமர நிழலில் மோர் குடித்தார்கள். அவர்களில் ஒருவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு செடி புரட்டவே வந்துவிட்டார். நடுவில் பேட்டரி தீர்ந்து டீசல் இன்ஜின் ஏற்றுக்கொண்டது. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. மீரா சாகிப் சொன்ன பிறகுதான் உறுமல் கேட்டது. நாலு வருஷமாக நீ எதற்குக் கஷ்டப்பட்டாயோ அது நடந்தது, எங்களுக்கு உளுந்துதான் கண்ணில் இருந்தது. மன்னித்துக்கொள்.

வெயில் தாழ்வதற்குள் ஊர் உளுந்து மொத்தமும் அடித்து முடித்தாயிற்று. கடைசி நடையில் என்னை ஏற்றி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். அந்த வளைவில் பஸ் என்னோடு நின்றபோது நான் அழுதேன். மீரா சாகிப் பார்த்துவிட்டார், ஆனால் வெளியில் சொல்ல மாட்டார்.

நம் வயல் உளுந்தில் அடித்த முதல் படி இதோடு வருகிறது. தோசைக்கு வைத்துக்கொள்.

உன்,
அண்ணன்


கோயம்புத்தூர்
மே 5

என் அண்ணனுக்கு,

நேற்று ஆர்டர் வந்துவிட்டது. டெல்டா ரோடுகளுக்கென்று ஒரு டெப்போ நிறைய பஸ். தஞ்சாவூர்–மன்னார்குடி, அப்புறம் பேராவூரணிப் பக்கம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, பழைய நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் மறுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

அன்று திரைக்கு முன்னால் நானும் ஷம்சாத்தும் உட்கார்ந்திருந்தோம். பிரேக் பகுதி முழுக்க அவள் கைவேலை. வளைவில் அந்தக் கோடு ஒரு துளி இறங்கி ஏறியபோது அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. அந்தத் துளிதான் நீங்கள் எழுதிய ஆட்டம். அதற்குப் பிறகு பஸ் திரும்பித் திரும்பி அதே இடத்தில் ஓடுவதைப் பார்த்து, டிரைவருக்கு வழி தவறிவிட்டதோ என்று பயந்து போன் செய்தோம். மீரா சாகிப் எடுத்து, "தொந்தரவு பண்ணாதீங்கம்மா, உளுந்து அடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

இனி எங்கள் கம்பெனியிலிருந்து எந்த பஸ் வெளியே போனாலும், எந்த ஊருக்குப் போனாலும், உளுந்துச் செடி மேல் ஓடி நின்று காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று விதி எழுதியாகிவிட்டது. அதற்கு வருஷா வருஷம் ஒரு லாரி செடி வேண்டும். எங்கே வாங்குவது என்று கேட்டார்கள். புதுக்குடிக்காடு என்று சொல்லியிருக்கிறேன். மங்களாம்பிகை அக்காவிடம் முதலில் கேளுங்கள், அப்புறம் உங்களுடையது.

உளுந்தை ஊறப்போட்டு அரைத்தேன், ஆபீஸ் முழுக்கத் தோசை சாப்பிட்டார்கள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அதை எல்லாரும் பார்த்தார்கள், வெளியிலும் சொல்லிவிட்டார்கள்.

இறுதி அறிக்கையை இன்று காலை கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். டீக்கடையில் ஒட்டுவது உங்கள் இஷ்டம். சோதனை நடந்த சாலையின் நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன வருஷம் தடை என்று எழுதிய அதே கட்டம். இந்த வருஷம் அதில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"உளுந்து. முழு அகலம், அதிகக் கனம். போட்டவர்: ஜோசப்ராஜ், புதுக்குடிக்காடு. என் அண்ணன்."

உங்கள் பாப்பா